பச்சை இகுவானாவுக்கு என்ன கொடுக்கலாம்? கீரைக்காரம்மாவிடம் இருந்து தொடங்குங்கள்

நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிவிடுகிறேன். எட்டு மாதப் பச்சை இகுவானா (வெளிநாட்டுப் பெரிய பல்லி வகை). தினமும் லெட்யூஸ், வெள்ளரிக்காய், கொஞ்சம் பாலக்கீரை, வாழைப்பழம். வளருகிற உயிர் என்று உங்கள் அப்பா வாரத்துக்கு இரண்டு முறை அவித்த முட்டை ஊட்டுகிறார். ஏசி போட்ட படுக்கையறையில், ஜன்னலோரம் கண்ணாடித் தொட்டி. சில நாளாகப் பின்னங்கால் விரல்கள் லேசாகத் துடிக்கின்றன. வெரைட்டியாக, சத்தாக என்ன கொடுக்கலாம், வெளியூர் போகும்போது என்ன செய்வது என்பது கேள்வி.

விரல் துடிப்பதை முதலில் பார்க்க வேண்டும், சாப்பாடு அப்புறம். இந்த வயது இகுவானாவுக்கு இந்தச் சாப்பாட்டில் விரல் துடித்தால், ரத்தத்தில் கால்சியம் இறங்கியிருக்கிறது என்றுதான் முதல் சந்தேகம் வர வேண்டும். ரத்தத்துக்குப் போதாத கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். கீழ்த்தாடையை இரண்டு விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இல்லாமல் ரப்பர் போல வளைந்து கொடுத்தால் எலும்பு ஏற்கனவே கரைந்துகொண்டிருக்கிறது. தொடை திடீரென்று உருண்டு திரண்டு 'கொழுகொழு'வென்று தெரிந்தாலும் அப்படித்தான். அங்கே சதை போடவில்லை, எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் நார்த்திசு வளர்ந்திருக்கிறது. நல்லா தேறி வருகிறான் என்று வீட்டில் சந்தோஷப்படுவதும் இந்தக் கட்டத்தில்தான். இந்த வாரமே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போய் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். சென்னையில் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். அதுவரை உயரமான கிளைகளை எடுத்துவிடுங்கள், பிடித்து விளையாட வேண்டாம். மெலிந்துபோன எலும்பு, லேசாக விழுந்தாலே முறியும்.

இனி சாப்பாடு. கடையில் விற்கிறவர்கள் பலர், 'உடும்பு மாதிரிதான் சார், எல்லாம் சாப்பிடும்' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். உடும்பு பூச்சி, முட்டை, எலி தின்னும் பிராணி. (அதை வீட்டில் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம், அது வேறு கதை.) பச்சை இகுவானா அதற்கு நேர் எதிர். மெக்சிகோவிலிருந்து பிரேசிலின் தென்பகுதி, பராகுவே வரை ஆற்றங்கரை மரங்களின் உச்சியில் உட்கார்ந்து இலையைத் தின்று வாழும் உயிர் அது. பல்லைப் பார்த்தாலே தெரியும்: தட்டையாக, ஓரத்தில் ரம்பம் மாதிரி சிறு பற்களோடு இருக்கும். அதை வைத்து இலையைக் கத்தரிக்க முடியும், மெல்ல முடியாது. கத்தரித்ததை அப்படியே விழுங்கும். மிச்ச வேலையெல்லாம் பெருங்குடலில். அங்கே மடிப்பு மடிப்பாகப் பிரிந்த அறைகளில் நுண்ணுயிரிகள் நாரைப் புளிக்கவைத்து உடைக்கின்றன. இகுவானாவுக்குத் தேவையான ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தப் புளிப்பிலிருந்து வருகிறது.

அந்த நுண்ணுயிரிகள் பிறவியிலேயே வருவதில்லை. 1980-களில் பனாமாவில் காத்தரின் ட்ராயர் என்ற ஆய்வாளர் கவனித்தார்: முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் முதலில் மண்ணைத் தின்கின்றன, பிறகு பெரிய இகுவானாக்கள் இருக்கும் இடம் தேடிப் போய் அவற்றின் எச்சத்தைத் தின்று வயிற்றுக்கு வேண்டிய நுண்ணுயிரிகளைச் சேர்த்துக்கொள்கின்றன. கேட்க அருவருப்பாக இருக்கலாம். ஆனால் வீட்டு இகுவானாவின் வயிற்றில் அந்தக் கூட்டம் எவ்வளவு நுட்பமானது என்பதற்காகச் சொல்கிறேன். சாப்பாட்டை ஒரே நாளில் தலைகீழாக மாற்றினால் அந்தக் கூட்டம் குலைந்து பேதியாகும். நான் கீழே சொல்லும் மாற்றங்களை இரண்டு மூன்று வாரத்தில், பங்கு பங்காகக் கொண்டுவாருங்கள்.

வெரைட்டி என்று கேட்டீர்கள். அதைத்தான் பெரும்பாலோர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கொஞ்சம் இலை, கொஞ்சம் பழம், கொஞ்சம் முட்டை, கொஞ்சம் பூச்சி என்று எல்லாவற்றிலும் தொட்டுத் தொட்டு வைப்பதை வெரைட்டி என்று நினைக்கிறார்கள். இகுவானாவுக்கு வெரைட்டி என்றால் பல விதமான இலை. தட்டில் இலைதான் சோறு, காய் கூட்டு, பழம் பாயசம். பத்தில் எட்டு பங்கு இலை, ஒன்றரை பங்கு காய், மிச்சம் பழமும் பூவும். கிராம் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை, கண்ணளவு போதும். ஆனால் இலையின் பங்கு மட்டும் குறையக்கூடாது.

எந்த இலை? நம் ஊரில் இருப்பவருக்கு இங்கேதான் ஒரு சிக்கல். வெளிநாட்டுக் குறிப்புகளில் சொல்லும் கொலார்ட், டேன்டலையன், எண்டிவ் எல்லாம் இங்கே மார்க்கெட்டில் கிடைப்பதில்லை. சரி, கீரை தானே என்று கீரைக்காரம்மாவிடம் போனால் கூடையில் இருப்பதில் பாதி, அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, முளைக்கீரை என்று ஒரே குடும்பம். நமக்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குடும்பத்திலும் பாலக்கீரையிலும் ஆக்ஸலேட் அதிகம். அது கால்சியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கழிவோடு வெளியே போய்விடும். அட்டவணையில் பார்த்தால் பாலக்கில் 100 கிராமுக்கு 99 மி.கி. கால்சியம், 49 மி.கி. பாஸ்பரஸ், கால்சியம் இரண்டு மடங்கு, கணக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் மனிதர்களிலேயே அந்தக் கால்சியத்தில் நூற்றுக்கு ஐந்துதான் உடம்பில் சேருகிறது, பாலில் முப்பது வரை சேரும். ஆகவே பாலக்கை நிறுத்துங்கள். அரைக்கீரை, சிறுகீரை வகையறா மாதத்தில் ஓரிரு முறை கலவையில் விழுந்தால் ஒன்றும் ஆகாது. தினப்படிச் சாப்பாடாக வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது மரத்து இலைகள். காட்டில் அது தின்பதும் அதுதானே. முதலில் முருங்கை. 100 கிராமில் 300 முதல் 440 மி.கி. வரை கால்சியம், பாஸ்பரஸ் அதில் பாதிக்கும் கீழே. சாப்பாட்டில் கால்சியம் பாஸ்பரஸைப் போல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்பது இகுவானா வளர்ப்பின் அடிப்படைக் கணக்கு. முருங்கை அதைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறது. அடுத்தது மல்பெரி இலை. கிருஷ்ணகிரி, தருமபுரி, ஈரோடு, தேனிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் யாராவது தெரிந்திருந்தால் கேட்டுப் பாருங்கள். பட்டுப்புழு பூச்சிமருந்துக்குத் துளியும் தாங்காது, அதனால் அவர்கள் புழுவுக்குப் பறிக்கும் இலை பெரும்பாலும் நம்பகமானதாக இருக்கும். இல்லாவிட்டால் ஒரு போத்து வாங்கி மாடியில் பெரிய தொட்டியில் ஊன்றிவிடுங்கள், வெட்ட வெட்டத் துளிர்க்கும். மூன்றாவது செம்பருத்தி. இலையும் கொடுக்கலாம், பூவும் கொடுக்கலாம். சிவப்புப் பூவைப் பார்த்ததும் தட்டை நோக்கி ஓடிவருவதை நீங்களே பார்ப்பீர்கள்.

மாடு வைத்திருப்பவர்களிடம் குதிரைமசால் கேளுங்கள். வெளிநாட்டில் ஆல்ஃபால்ஃபா என்று காசு கொடுத்து வாங்குவது இதைத்தான். வளரும் குட்டிக்கு மிகவும் ஏற்றது, கால்சியமும் புரதமும் இரண்டும் உண்டு. அகத்தியிலும் கால்சியம் கொட்டிக் கிடக்கிறது, 100 கிராமுக்கு 1000 மி.கி. அளவில். ஆனால் அதையே தினமும் போடாமல் வாரத்துக்கு ஒரு நாள் கலவையில் ஒரு கைப்பிடி என்று வைத்துக்கொள்வது என் பழக்கம். வெந்தயக்கீரை, சங்குப்பூக் கொடியின் இலையும் பூவும் (விதை வேண்டாம்), கொஞ்சம் கொத்தமல்லி, புதினா வாசனைக்கு. கறிவேப்பிலையின் கால்சியக் கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள், அதிலும் ஆக்ஸலேட் நிறைய. மணத்தக்காளிக் கீரையைத் தவிர்த்துவிடுங்கள், வேறு இலை இல்லாமலா போய்விட்டது.

லெட்யூஸ் பற்றி ஒரு வரி: ஐஸ்பெர்க் வகை லெட்யூஸ் என்பது தண்ணீர், வெள்ளரிக்காயும் அப்படியே. விஷமில்லை. வயிறு நிறையும், உடம்பில் ஒன்றும் சேராது. உங்கள் குட்டி எட்டு மாதமாகத் தண்ணீரைத் தின்று பசியாறியிருக்கிறது.

முட்டைக்கு வருவோம். அப்பாவிடம் எடுத்துச் சொல்வது கஷ்டம்தான், அதனால் கணக்கோடு சொல்லுங்கள். முன்பெல்லாம் இகுவானா புத்தகங்களிலேயே முட்டை, நாய் பிஸ்கட், புழு எல்லாம் கொடுக்கச் சொல்லி எழுதியிருந்தார்கள். அப்படி வளர்ந்தவை வேகமாகப் பெருத்தன, பிறகு நடுவயதிலேயே சிறுநீரகம் கெட்டும் மூட்டில் யூரிக் அமிலம் படிந்தும் செத்தன. நல்ல பராமரிப்பில் 15 முதல் 20 வருடம் வாழக்கூடிய பிராணி இது. வளரும் பிள்ளைக்குப் புரதம் வேண்டாமா என்றால், வேண்டும். அது இலையிலேயே இருக்கிறது. முருங்கை இலையில் உள்ள ஈரத்தைக் கழித்துவிட்டு எடை போட்டால் நாலில் ஒரு பங்குக்கு மேல் புரதம். குதிரைமசாலிலும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையாது. முட்டையை அப்பாவே சாப்பிடட்டும்.

காலையில் தட்டைத் தயார் பண்ணும் விதத்தைச் சொல்கிறேன், இதில்தான் பாதி வெற்றி. முருங்கையைக் காம்போடு போடாதீர்கள், ஈர்க்கை உருவிவிட்டு இலையை மட்டும் எடுங்கள். மல்பெரி, செம்பருத்தி இலைகளைச் சுருட்டி, வெற்றிலை நறுக்குவது போல மெல்லிய கீற்றாக நறுக்குங்கள். எட்டு மாதக் குட்டிக்குக் கீற்று அதன் தலையின் பாதி நீளத்தைத் தாண்டக்கூடாது. பரங்கிக்காயைத் தோலோடு துருவுங்கள். பீன்ஸைச் சக்கரம் சக்கரமாக மெல்லிசாக வெட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் போட்டுக் கையால் பிசிறிவிடுங்கள், பரங்கித் துருவலின் ஈரம் இலையில் ஒட்ட வேண்டும். ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், இகுவானாவுக்கு நிறம் நன்றாகத் தெரியும். சிவப்பும் மஞ்சளும் தனியாகக் கிடந்தால் அதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு இலையை மிதித்துக்கொண்டு போய்விடும். முதலில் நாக்கை நீட்டித் தொட்டுப் பார்க்கும், பிறகுதான் வாயைத் திறக்கும். நாக்கில் பரங்கி பட்டால் கூடவே இலையும் உள்ளே போகும். கடைசியாக, பரிமாறும்போது மேலே தண்ணீர் தெளியுங்கள், கால்சியத் தூளையும் அப்போதுதான் தூவுங்கள்.

காயில் பரங்கி, பீன்ஸ், அவரைக்காய், சுரைக்காய், பீர்க்கங்காய், வெண்டைக்காய், குடைமிளகாய், துருவிய சர்க்கரைவள்ளி எல்லாம் மாற்றி மாற்றிப் போடலாம். கேரட் எப்போதாவது. முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், முள்ளங்கி இலை, நூல்கோல் ஆகியவை தைராய்டு வேலையைத் தடுக்கும் குணமுடையவை, வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். காலிஃப்ளவரை மருந்து அடிக்காமல் வளர்ப்பவர் அபூர்வம் என்பது கூடுதல் காரணம்.

பழத்தில் பப்பாளியும் அத்திப்பழமும் முதல் இரண்டு. 100 கிராமில் கால்சியமும் பாஸ்பரஸும் எத்தனை மி.கி. என்று பார்த்தால், பப்பாளியில் 20-க்கு 10, அத்தியில் 35-க்கு 14 என்று கால்சியம் முன்னால் நிற்கிறது. வாழைப்பழத்தில் 5-க்கு 22, தலைகீழ். கொய்யாவும் அப்படித்தான். வாழைப்பழத்தைக் கண்டதும் குட்டி பாய்ந்து வரும், அதனால்தான் எல்லோரும் கொடுக்கிறார்கள். மருந்து கொடுக்க வேண்டிய நாளுக்கு அதை ஒதுக்கி வையுங்கள், அன்று கைகொடுக்கும். மாம்பழம் சீசனில் ஒரு சின்னத் துண்டு. சப்பாத்திக்கள்ளியின் முள்ளைச் சுட்டு நீக்கிவிட்டு மடலைத் துண்டுபோட்டுக் கொடுக்கலாம், காலபாகோஸ் தீவுகளில் இருக்கும் நில இகுவானாக்கள் அந்தக் கள்ளி இனத்தைத் தின்றுதான் வறட்சியைத் தாண்டுகின்றன.

பூ வாங்கும் இடத்தில் கவனம். பூக்கடை ரோஜாவும், மாலை கட்ட வரும் பூக்களும் மருந்தில் குளித்து வருபவை. வீட்டுச் செடியின் பூ மட்டும்தான். கம்பம் பக்கத்துத் திராட்சைக் கொடி இலை கிடைத்தால் ஆசைப்படாதீர்கள்: திராட்சை இலை இகுவானாவுக்கு அருமையான சாப்பாடு, ஆனால் தோட்டத்துக் கொடியில் பூஞ்சணத்துக்காக மயில்துத்தக் கலவை அடிப்பார்கள். சாலையோர முருங்கையும் புகைத் தூசி பிடித்தது, வாளித் தண்ணீரில் பலமுறை அலசாமல் வேண்டாம்.

அறவே கூடாதவை: அரளி (பூ, இலை, குச்சி எதுவும்), எருக்கு, ஊமத்தை, அவகேடோ, தக்காளிச் செடியின் இலை, பச்சைபிடித்த உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு. மாடியிலும் வரவேற்பறையிலும் அதை உலவ விடுபவர் என்றால் மணி பிளான்ட், டிஃபென்பேக்கியா, குரோட்டன்ஸ் தொட்டிகளை அதற்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். அரளி பற்றி அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் தெருக்களில் அது இல்லாத வேலியே இல்லை.

இவ்வளவு நல்ல இலையைக் கொடுத்தாலும், இரண்டு விஷயம் இல்லாவிட்டால் அத்தனையும் வீண். ஒன்று சூடு. இகுவானாவின் வயிற்றில் புளிப்பு நடக்க உடம்பு 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற வேண்டும். உட்கார்ந்து சூடேறும் இடம் 35 முதல் 38 வரை, தொட்டியின் குளிர்ந்த பக்கம் 27 அளவு, இரவில் 24-க்குக் கீழே போகாமல். உங்கள் ஏசி அறையில் 22 வைத்துத் தூங்குகிறீர்கள் என்றால், பகலில் தின்ற இலை இரவு முழுக்க வயிற்றில் அப்படியே கிடக்கும். தொட்டியை ஏசி இல்லாத அறைக்கு மாற்றுங்கள். காலையில் சூடேறி ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு வையுங்கள், விளக்கணைக்க நாலைந்து மணி நேரம் இருக்கும்போதே தட்டை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது புற ஊதா 'பி' (யுவிபி) கதிர். தோலில் அது பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும், டி3 இருந்தால்தான் குடல் கால்சியத்தை உள்ளே எடுக்கும். ஜன்னலோரம் வைத்திருக்கிறேன், வெயில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். உங்கள் குட்டிக்கு எட்டு மாதமாக வெளிச்சம் கிடைத்திருக்கிறது, டி3 கிடைக்கவில்லை. பாலக்கையும் முட்டையையும்விட முக்கியமான காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. ஊர்வனவற்றுக்கென்று விற்கும் யுவிபி டியூப் லைட் வாங்கி, நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லாமல், டப்பாவில் போட்டிருக்கும் தூரத்தில் மாட்டுங்கள். வெளிச்சம் வந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துபோகும், அதனால் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும்.

நமக்கு இதைவிடப் பெரிய வசதி இருக்கிறது. காலை ஒன்பது, ஒன்பதரை மணி வெயில் எந்த விளக்கையும் விட மேல். கம்பிவலைக் கூண்டில், பாதி நிழல் இருக்கும்படி, அரை மணி நேரம் மாடியில் வையுங்கள், நீங்களும் பக்கத்திலேயே இருங்கள். கண்ணாடித் தொட்டியோடு மட்டும் வெயிலில் வைக்காதீர்கள், கால் மணி நேரத்தில் உள்ளே வெந்துவிடும். சித்திரை, வைகாசியில் மாடித் தரை கொதிக்கும், நேரத்தை முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.

கால்சியத் தூள்: பாஸ்பரஸ் சேராத கால்சியம் கார்பனேட். வளரும் குட்டிக்கு வாரத்தில் நாலைந்து நாள் ஒரு சிட்டிகை, வளர்ந்தபின் வாரம் ஒன்றிரண்டு முறை. இப்போதைக்கு டாக்டர் சொல்லும் அளவுதான் கணக்கு. பறவைக் கடையில் கிடைக்கும் கணவாய் ஓட்டைச் சுரண்டித் தூளாக்கியும் தூவலாம், அதுவும் அதே பொருள். முட்டை ஓட்டைக் கழுவி, வேகவைத்து, காயவைத்து மாவாக அரைத்தாலும் சரி. முட்டையில் அந்த ஓடு மட்டும் இகுவானாவுக்கு ஆகும் போல! வெற்றிலைச் சுண்ணாம்பு கால்சியம்தானே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அது வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும். மனிதருக்கான டி3 சேர்ந்த கால்சியம் மாத்திரையை உங்கள் கணக்கில் பொடித்துப் போடுவதும் ஆபத்து. டி3 மிஞ்சினால் கால்சியம் ரத்தக் குழாயிலும் சிறுநீரகத்திலும் போய்ப் படியும்.

தண்ணீர் பெரும்பாலும் இலையிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும், அதனால்தான் தெளிக்கச் சொன்னேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் தோள் அளவு வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் விடுங்கள். தொட்டிக் கண்ணாடியில் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாகப் படிந்தால் சளி என்று பயப்பட வேண்டாம், மிஞ்சிய உப்பை மூக்கு வழியாகத் தும்மி வெளியேற்றுவது அதன் இயல்பு. எச்சத்தை மட்டும் தினமும் பாருங்கள். உருண்டு திரண்ட கரும்பழுப்பு, பக்கத்தில் மிருதுவான வெள்ளை, சுற்றிலும் தெளிந்த நீர் என்று இருந்தால் வயிறு நன்றாக இருக்கிறது. வெள்ளைப் பகுதி சுண்ணாம்புக் கட்டி போல இறுகினால் தண்ணீர் போதவில்லை.

புது இலையை முதல் நாளே தின்னும் என்று எதிர்பார்க்காதீர்கள். லெட்யூஸையும் வாழைப்பழத்தையும் ருசி கண்டது. பழைய சாப்பாட்டோடு கால் பங்கு முருங்கை கலந்து ஆரம்பியுங்கள், மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை ஏற்றுங்கள். அடம் பிடிக்கிறதே என்று மனம் இளகி மறுபடி வாழைப்பழம் வைத்தால், பட்டினி கிடந்தால் பழம் வரும் என்று அது கற்றுக்கொள்ளும். ஆனால் இந்த வயதில் இரண்டு நாளுக்கு மேல் ஒன்றுமே தொடவில்லை என்றால் அடம் இல்லை, உடம்பு சரியில்லை.

பெண் குட்டியாக இருந்தால் இதையும் தெரிந்து வைத்திருங்கள். இரண்டு மூன்று வயதுக்கு மேல், ஆண் துணையே இல்லாமலும் முட்டை கட்டும், ஒரு ஈட்டில் இருபதிலிருந்து அறுபதுக்கும் மேல்கூட. அந்தச் சமயத்தில் வாரக்கணக்கில் சாப்பாட்டைக் குறைக்கும், உடம்பிலிருக்கும் கால்சியத்தை எல்லாம் ஓட்டுக்குச் செலவழிக்கும். முதல் இரண்டு வருடம் முருங்கையிலும் மல்பெரியிலும் சேர்த்துவைத்த எலும்புதான் அன்று அதைக் காப்பாற்றும். ஈர மணல் நிரப்பிய பெட்டி ஒன்றும் வேண்டும், தோண்ட இடமில்லாவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொண்டு அதன் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

கைகழுவுவது பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா என்ற, மனிதருக்குப் பேதியும் காய்ச்சலும் தரும் பாக்டீரியா இருப்பது சாதாரணம். அதன் தட்டை உங்கள் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம், கத்தியும் பலகையும் தனியாக இருக்கட்டும், வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் தொட விடாதீர்கள். இன்னொன்று, பதிவு. பச்சை இகுவானா, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்கும் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளுக்கும் பிறகு, அந்தப் பட்டியலில் இருக்கும் வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். செய்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் நினைவுபடுத்துகிறேன்.

கடைசிக் கேள்வி, வெளியூர். வளர்ந்த இகுவானா ஒரு நாள் சாப்பிடாவிட்டால் ஒன்றுமில்லை. எட்டு மாதக் குட்டியை, அதுவும் இந்த நிலைமையில், ஒரு நாள்கூட விட்டுப் போகாதீர்கள். உடம்பு தேறிய பிறகு போவதென்றால், நறுக்கின கலவையை ஈரம் வடித்து, டப்பாவில் டிஷ்யூ பேப்பர் விரித்து ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். ஃப்ரீசரில் வாரக்கணக்கில் வைத்த இலையையே ஓட்டாதீர்கள், அதில் தயமின் (வைட்டமின் பி1) குறைந்துபோகும். கால்சியத் தூளை முன்கூட்டியே கலந்து வைக்காமல் தனிப் பொட்டலமாகக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் காலையில் வந்து டப்பாவிலிருந்து எடுத்துத் தட்டில் போட்டு, தூவி, தண்ணீர் தெளித்துவிட்டுப் போனால் போதும். விளக்குகளுக்கு ஒரு டைமர் மாட்டிவிடுங்கள், ஸ்விட்ச் போட மறந்துவிட்டேன் என்ற பேச்சே வராது.